பென்சில் 11 செ.மீ. இல்லை, 8 செ.மீ.! – நீளம் அளப்பது பற்றி வாசகர் கேள்விகள்

சின்னப் பிள்ளைகளுக்கு நீளம் அளக்கச் சொல்லிக்கொடுப்பது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்: "ஸ்கேலைச் சரியாக வைக்கவே மாட்டேன் என்கிறார்கள்." அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பதில் சொல்லும் நான் ஆரம்பப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவன். சில விஷயங்களில் கொஞ்சம் பிடிவாதக்காரன். அது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: இரண்டாம் வகுப்புக்கு நடத்துகிறேன் ஐயா. "பூஜ்யத்தில் வை, பூஜ்யத்தில் வை" என்று தொண்டை வறளச் சொல்லியும் பாதிப் பேர் 1-இல் வைத்துத்தான் அளக்கிறார்கள். எப்படித்தான் பழக்குவது? (ஓர் ஆசிரியை)

பதில்: பிள்ளைகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது டீச்சர். எண்ணுவதை எங்கிருந்து தொடங்கச் சொல்லிக்கொடுத்தோம்? ஒன்றிலிருந்து. விரலை எண்ணினாலும் படிக்கட்டை எண்ணினாலும் ஒன்று, இரண்டு, மூன்றுதான். ஸ்கேலை எடுத்ததும் திடீரென்று பூஜ்யத்தில் வை என்றால் அது அவர்களுக்குக் காரணம் தெரியாத கட்டளை. அப்படிப்பட்ட கட்டளை அடுத்த பீரியட் வரைக்கும்தான் நிற்கும்.

காரணத்தைக் காட்டிவிட்டால் கட்டளையே வேண்டாம். ஸ்கேலில் நாம் எண்ணுவது இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தை. பிள்ளைகள் எண்ணுவதோ கோட்டை. எல்லாச் சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். விரல் எத்தனை? ஐந்து. விரலுக்கு விரல் நடுவே உள்ள சந்து எத்தனை? நான்கு. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சின்ன அமைதி வரும் பாருங்கள், அங்கேதான் பாடம் ஆரம்பம்.

அப்புறம் ஸ்கேலைப் பைக்குள் போடச் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு ஸ்கேல் செய்ய வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டம் உள்ள தாளிலிருந்து ஒரு நீளப் பட்டை வெட்டிக் கொடுங்கள். கடையில் வாங்கும் கணக்கு நோட்டின் கட்டம் எல்லாவற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இருக்காது. ஒருமுறை நீங்களே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் சிவப்பு, அடுத்தது நீலம் என்று மாற்றி மாற்றி வண்ணம் தீட்டட்டும். எண் எழுதக் கூடாது. அந்தப் பட்டையைப் பக்கத்தில் வைத்துப் பென்சிலையும் ரப்பரையும் நோட்டின் அகலத்தையும் அளக்கட்டும். எண் இல்லாததால் வேறு வழியில்லை, வண்ணக் கட்டங்களைத்தான் எண்ண வேண்டும். பட்டையின் முனையில் ஆரம்பிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே ஆரம்பிப்பார்கள். பாதிக் கட்டத்தில் யாராவது ஆரம்பித்தால் பக்கத்துப் பிள்ளையே சண்டைக்கு வந்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு முறையும் எண்ணுவது சலித்துப்போகும். சலிக்க விடுங்கள், அவசரப்படாதீர்கள். "சார், நம்பர் எழுதிக்கட்டுமா?" என்று ஒரு குரல் வரும். எழுதிக்கொள் என்று விட்டால் பலர் எண்ணைக் கட்டத்தின் நடுவில் எழுதுவார்கள். அதைத் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். கட்டத்தை எண்ணுகிறவனுக்கு அதுதான் சரியான இடம். ஒரு பென்சில் சரியாகக் கோட்டில் முடிந்தால் எந்த எண்ணைப் படிப்பது என்று மட்டும் கேளுங்கள். "இதுவரைக்கும் மொத்தம் இத்தனை" என்று சொல்ல, எண் கட்டத்தின் கடைசிக் கோட்டுக்கு நகர வேண்டும். நகர்த்திய பிறகு பட்டையின் தொடக்கக் கோடு மட்டும் வெறுமையாக நிற்கும். அங்கே என்ன எழுதலாம்? இன்னும் ஒரு கட்டம்கூடத் தாண்டவில்லையே! பூஜ்யத்தை அவர்களே கொண்டுவந்து வைப்பார்கள். தானே வைத்த பூஜ்யத்தை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

இதோடு விடாதீர்கள். அந்தப் பட்டையின் முன்பக்கத்தைக் கிழித்துப்போடச் சொல்லுங்கள். இப்போது ஸ்கேல் 3-இல் தொடங்குகிறது. பென்சிலை 3-இல் வைத்தால் 11-இல் முடிகிறது. நீளம் என்ன?

மூன்று விதமான பதில் வரும். 11 என்பவன் பொருள் முடியும் இடத்தில் உள்ள எண்ணைப் படிக்கிறான். ஸ்கேல் அவனுக்கு விடை எழுதிய காகிதம். 9 என்பவன் மூன்று, நான்கு, ஐந்து என்று கோடுகளை எண்ணுகிறான். ஆரம்பம் முக்கியம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, எதை எண்ணுவது என்பதுதான் பாக்கி. 8 என்பவனுக்குப் புரிந்துவிட்டது. முதல் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறோமே, அதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 9 என்று சொன்னவன் 11 என்று சொன்னவனைவிட எவ்வளவோ தூரம் வந்துவிட்டவன்.

இது சின்ன வகுப்பு விவகாரம், வயது ஏறினால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது உள்ளவர்களிடம் 2023-இல் அசர் என்ற கல்வி ஆய்வை நடத்தினார்கள். பொருள் பூஜ்யத்தில் தொடங்கியபோது ஏறக்குறைய 85 சதவீதம் பேர் நீளத்தைச் சரியாகச் சொன்னார்கள். பொருளை ஸ்கேலில் கொஞ்சம் தள்ளி வைத்ததும் அது 39 சதவீதமாக இறங்கிவிட்டது. அதே ஸ்கேல், அதே ஆட்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. ஒரே நீளமுள்ள இரண்டு குச்சிகளை இணையாக வைத்தால் "ரெண்டும் சமம்" என்கிறான். ஒன்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் "இதுதான் பெரிசு" என்கிறான். அவன் கண் முன்னாலேயே தள்ளுகிறேன், அப்படியும்! ஏதாவது குறை இருக்குமோ? (ஒரு தாய்)

பதில்: குறை ஒன்றும் இல்லை அம்மா. ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ஜான் பியாஜே பிள்ளைகளிடம் இதே சோதனையைச் செய்து பார்த்து, நீங்கள் சொல்லும் இதே பதிலைப் பதிவு செய்திருக்கிறார். அந்த வயதுப் பிள்ளை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மட்டும் பார்க்கிறது. பின்னால் அதே அளவு உள்ளே போயிருப்பதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. பொதுவாக ஆறேழு வயதை ஒட்டி இது தெளியும்; சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே.

"தப்பு, ரெண்டும் சமம்தான்" என்று அடித்துச் சொன்னால் அவன் நீங்கள் கேட்க விரும்பும் பதிலைக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் குச்சிகளைத் தரையில் நட்டமாக நிறுத்துங்கள். தரை இரண்டுக்கும் பொது என்பது அவனுக்குத் தானே தெரியும். உயரம் பார்ப்பதற்கு அவனையும் அண்ணனையும் எப்படி நிறுத்துவீர்கள்? ஒருவன் தரையில், ஒருவன் நாற்காலி மேல் நின்றால் ஒத்துக்கொள்வானா? "அது போங்கு" என்று கத்துவான். அந்த நியாயத்தைக் குச்சிக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். தினமும் பரீட்சை வைக்க வேண்டாம்.

கேள்வி: ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். முதலில் சாண், அடி, அப்புறம் கிளிப், தீக்குச்சி, கடைசியில்தான் ஸ்கேல் என்ற வரிசையை மாற்றவே கூடாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: வரிசையின் முதல் பாதியை மாற்றக் கூடாது, இரண்டாம் பாதியைத் தாராளமாக மாற்றலாம். இது என் கருத்து, பரீட்சையில் எழுதி மதிப்பெண் இழந்துவிடாதீர்கள்.

முதல் பாதி ஒப்பிடுவது. இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நீளம் என்று பார்ப்பது. பக்கத்தில் வைக்க முடியாவிட்டால் ஒரு நூலைத் தூதாக அனுப்புவது. "இந்த மேஜை அந்தக் கதவு வழியாகப் போகுமா? மேஜையைத் தூக்காமல் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். நூலை மேஜையில் பிடித்து, அதே நூலைக் கதவுக்குக் கொண்டுபோகும் பிள்ளை, எண் என்ற பேச்சே இல்லாமல் அளக்கத் தொடங்கிவிட்டது. மேஜை நூலுக்குச் சமம், நூல் கதவைவிடச் சின்னது, ஆகவே மேஜை கதவைவிடச் சின்னது. இந்த 'ஆகவே' வராத பிள்ளையிடம் ஸ்கேலைக் கொடுப்பதில் பயன் குறைவு. நூல் மட்டும் இழுபடாததாக இருக்கட்டும். எலாஸ்டிக்கைக் கொண்டுவந்த ஒரு பையன் எல்லாப் பொருளையும் சமமாக்கிவிட்டான்!

இரண்டாம் பாதியில் இவ்வளவு கறார் எதற்கு என்று எனக்குப் புரிந்ததில்லை. டக்ளஸ் கிளமெண்ட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 1990-களிலேயே இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஸ்கேல் பிடித்திருக்கிறது, சாணும் கிளிப்பும் முடியும்வரை அதை ஒளித்துவைக்கத் தேவையில்லை, தொடக்கத்திலேயே பல விதமான அலகுகளைக் கலந்து கொடுப்பதுதான் சிலரைக் குழப்புகிறது என்பது அவர்கள் வாதம். என் அனுபவமும் அதுதான். ஒரே அளவுள்ள சின்னப் பொருள்கள் கொஞ்சம், சொந்தமாகச் செய்த பட்டை, ஸ்கேல், மூன்றும் ஒரே வாரத்தில் மேஜை மேல் இருக்கலாம்.

சாணுக்கு வேறு வேலை இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான அளவு ஏன் வேண்டும் என்று காட்ட அதைவிட நல்ல கருவி கிடையாது. அதற்குப் பிள்ளையின் கையை மட்டும் பயன்படுத்தினால் போதாது, உங்கள் கையும் வேண்டும். ஒரே கரும்பலகையைப் பிள்ளை சாணால் அளக்கட்டும், நீங்களும் அளங்கள். பிள்ளைக்கு எண் கூட வரும், உங்களுக்குக் குறைய வரும். "கை பெரிசு, எண் ஏன் சின்னது?" இந்தக் கேள்வியில் ஒரு பீரியட் போனாலும் போகட்டும். அலகு பெரிதானால் எண்ணிக்கை குறையும் என்பது பெரிய வகுப்பில் மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றும்போது உதவும். அங்கே பெருக்குவதா வகுப்பதா என்று தடுமாறும் பிள்ளைகள் பலரும் இங்கே சாணை விட்டவர்கள்.

'எண்சாண் உடம்பு' என்கிறோமே, அதையும் ஒருநாள் சோதிக்க விடுங்கள். அவரவர் உயரத்தை அவரவர் சாணால் அளந்தால் பெரியவனுக்கும் சிறியவனுக்கும் கிட்டத்தட்ட எட்டுக்குப் பக்கத்தில்தான் வரும். அப்புறம் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பார்த்தால் ஆளுக்கு ஆள் வேறு. இதில் உள்ள வேடிக்கையைப் பிள்ளைகளே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: ரப்பரை அடுத்தடுத்து வைத்து பெஞ்சை அளக்கச் சொன்னேன். ஒரே பெஞ்சுக்கு ஆளுக்கு ஒரு விடை. சிலர் இடைவெளி விடுகிறார்கள், சிலர் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றுகிறார்கள். (மூன்றாம் வகுப்பு ஆசிரியர்)

பதில்: நல்ல பிரச்சினை, உடனே தீர்த்துவிடாதீர்கள். விடைகளை எல்லாம் பலகையில் எழுதிவையுங்கள். "பெஞ்ச் ஒன்றுதானே, இத்தனை எண் எப்படி?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுங்கள். இடைவெளி விட்டவனுக்கு ஏன் எண் குறைந்தது, ஏற்றி வைத்தவனுக்கு ஏன் கூடியது என்று அவர்களே துப்புத் துலக்குவார்கள். எல்லோருடைய ரப்பரும் ஒரே அளவா என்றும் ஒருவன் கேட்பான். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பாதி தேய்ந்த ரப்பரும் புது ரப்பரும் கலந்து கிடந்தால் எண்ணுவதில் அர்த்தமே இல்லை.

அடுத்த கட்டமாக ஒரே ஒரு ரப்பரைக் கொடுங்கள். ஒன்றை வைத்து, அது முடியும் இடத்தில் பென்சிலால் குறித்து, எடுத்து, குறியிலிருந்து மறுபடி வைக்க வேண்டும். நிறைய ரப்பர் இருந்தால் வரிசையாகப் பரப்பிவிடலாம். ஒன்றே ஒன்று என்றால் மனதில்தான் பரப்ப வேண்டும். எத்தனை முறை வைத்தோம் என்ற கணக்கையும் விடக் கூடாது. கடினமான வேலை. இது வந்துவிட்டால் ஸ்கேலைவிட நீளமான பொருளை ஸ்கேலால் அளப்பதும் வந்துவிடும், ஏனென்றால் அதுவும் இதே வேலைதான்.

கடைசியில் மீதி நிற்கும். முழு ரப்பர் வைக்க இடம் இருக்காது. என்னிடம் படித்த ஒரு குட்டிப் பெண் "பதினாலும் ஒரு கடியும்" என்று சொன்னாள். நான் அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். அந்தக் கடியிலிருந்துதான் பின்னமும் மில்லிமீட்டரும் வருகின்றன. 14 என்று முழுசாக்கி எழுதச் சொல்லி அதை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: சில ஸ்கேலில் ஓரத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கிறது, சிலதில் இல்லை. எதை வாங்கித் தருவது? இன்னொன்று, எங்கள் இரும்பு டேப்பின் முனையில் உள்ள கொக்கி லேசாக ஆடுகிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: ஸ்கேலின் ஓரம் தேயும், மூலை உடையும். பூஜ்யம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால் அளவு கெடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு வகையும் ஒவ்வொன்று கையில் இருக்கட்டும் என்பேன். ஓரத்தைப் பொருளோடு ஒட்டிவைத்துப் பழகிய பிள்ளை, உள்ளே தள்ளிய ஸ்கேலில் சில மில்லிமீட்டர் குறைத்துச் சொல்லும். அந்தக் குறையைக் கண்டுபிடிப்பதே ஒரு பாடம். கண்ணை மட்டும் கோட்டுக்கு நேர் மேலே வைக்கச் சொல்லுங்கள். சாய்ந்து பார்த்தால், அதுவும் தடித்த ஸ்கேலில், அடுத்த கோட்டைப் படித்துவிடுவார்கள்.

டேப்பை மாற்ற வேண்டாம்! அந்தக் கொக்கி ஆடுவதற்காகவே ஆடுகிறது. அதன் தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு மட்டும் முன்னும் பின்னும் நகரும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரண்டு விதத்திலும் தகட்டின் தடிமன் கணக்கில் சேராமல் பூஜ்யம் சரியான இடத்தில் நிற்கும். ஆடுகிறதே என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டால்தான் டேப் கெட்டுப்போகும். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ரொம்ப ரசிப்பார்கள்.

கேள்வி: "ஒரு மீட்டர் இவ்வளவுதான்னு யார் சொன்னது?" என்று என் மகள் கேட்கிறாள். மூன்றாம் வகுப்பு. என்ன சொல்வது?

பதில்: "மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்" என்று உண்மையையே சொல்லுங்கள். அந்தக் கதை அவளுக்குப் பிடிக்கும்.

பிரான்சில் ஊருக்கு ஓர் அளவு, தொழிலுக்கு ஓர் அளவு என்று கிடந்த காலம். எந்த ராஜாவின் கையும் காலும் இல்லாமல், எல்லோருக்கும் பொதுவான ஒன்றிலிருந்து அளவு எடுக்கலாம் என்று 1791-இல் முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் பொதுவானது எது? பூமி. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தை ஒரு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மீட்டர். சரி, அந்தத் தூரத்தை யார் போய் அளப்பது? தெலாம்பர், மெஷான் என்ற இரண்டு வானியலாளர்கள் 1792-இல் கிளம்பினார்கள். பிரான்சின் வடக்கே உள்ள டன்கிர்க்கிலிருந்து ஸ்பெயினின் பார்சிலோனா வரை ஒரு துண்டை மட்டும் அளந்து, மீதியைக் கணக்குப் போடுவதாகத் திட்டம். நடுவில் புரட்சி, போர், கைது எல்லாம் வந்து வேலை முடிய ஏழு வருடத்தை ஒட்டி ஆகிவிட்டது. 1799-இல் பிளாட்டினத்தில் ஒரு கோல் செய்துவைத்து இதுதான் மீட்டர் என்றார்கள்.

பிற்காலத்தில் அளந்தபோது அந்தத் தூரம் 10,000 கிலோமீட்டர் இல்லை, சுமார் 10,002 என்று தெரிந்தது. அதாவது அவர்கள் செய்த மீட்டர், நினைத்ததைவிட 0.2 மில்லிமீட்டர் குட்டை. அதற்காக யாரும் கோலை மாற்றவில்லை. எல்லோரும் ஒரே கோலை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அது போதும் என்று விட்டுவிட்டார்கள். உங்கள் மகள் இந்த இடத்தில் சிரித்தால் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

1889-இல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்து புதுக் கோல், 1960-இல் கிரிப்டான் என்ற வாயு தரும் ஒளியின் அலைநீளம், 1983-இலிருந்து ஒளியின் வேகம் என்று மீட்டரின் ஆதாரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைய கணக்கில், ஒளி ஒரு நொடியில் 29,97,92,458 மீட்டர் போகும். அதில் ஒரு பங்குதான் உங்கள் டேப்பில் இருப்பது. இந்தக் கடைசிப் பகுதியை அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். ஸ்கேலின் இன்னொரு ஓரத்தில் இருக்கும் அங்குலத்துக்கும் இப்போது தனிக் கோல் இல்லை. 1959 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓர் அங்குலம் என்றால் துல்லியமாக 2.54 சென்டிமீட்டர்.

கேள்வி: தாத்தா, நான் ஒரு இலையைச் சுற்றி நூல் வெச்சு அளந்தேன். 31 செ.மீ. வந்தது. அண்ணன் ஸ்கேலை அங்கங்க வெச்சு அளந்துட்டு 26-தான்னு சொல்றான். யார் சொல்றது சரி? (எட்டு வயது வாசகி)

பதில்: பாப்பா, உன் இலையின் ஓரம் பல் பல்லாக இருந்திருக்கும், சரியா? உன் நூல் ஒவ்வொரு பல்லுக்குள்ளும் போய்த் திரும்பி வந்தது. அண்ணனின் ஸ்கேல் வளையாது இல்லையா, அதனால் பல்லை எல்லாம் தாண்டி நேராகப் போய்விட்டது. ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இன்னும் மெல்லிய நூலை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தால் உனக்கு 31-ஐவிடக் கூட வரும். செய்து பார்த்துவிட்டு எழுது.

உங்கள் சண்டையை நாடுகளே போட்டிருக்கின்றன. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடுத்தடுத்த நாடுகள், ரெண்டுக்கும் நடுவில் ஒரே எல்லைதான். ஒரு கணக்கில் அது 987 கிலோமீட்டர், இன்னொரு கணக்கில் 1,214. லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற விஞ்ஞானி இதைப் பார்த்துத்தான் உன்னைப் போலவே யோசித்தார். சின்னக் கோலால் அளந்தால் எல்லை நீளுகிறது, பெரிய கோலால் அளந்தால் குறைகிறது என்று கண்டுபிடித்தார். அண்ணனிடம் இதைக் காட்டு. ஆனால் இலை அளவைச் சொல்லும்போது எதை வைத்து அளந்தாய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது ரெண்டு பேருக்கும்.

கேள்வி: அளப்பதற்கு முன்னால் உத்தேசமாகச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் அளந்து முடித்துவிட்டு, உத்தேசத்தை அழித்துத் திருத்திவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: உத்தேசத்துக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள், திருத்துவது நின்றுவிடும். பிள்ளைக்கு உத்தேசம் தவறுவது என்றால் விடை தவறுவது போலத்தான். அதனால் ஒரு எண்ணைக் கேட்காமல் "20 செ.மீ.க்கு மேலா, கீழா?" என்று தொடங்குங்கள். மேலே என்றால் "30-ஐத் தாண்டுமா?" இப்படி நெருக்கிக்கொண்டே வரலாம். பென்சிலுக்குப் பதில் பேனாவில் எழுத வைப்பதும் ஒரு வழி, கொஞ்சம் குறுக்குவழிதான்.

மனதில் சில அளவுகள் குடியிருந்தால்தான் உத்தேசம் வரும். பிள்ளையின் சுண்டுவிரல் நகத்துக்குப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அவரவர் விரலில் எந்த இடம் சரியாக ஒரு சென்டிமீட்டர் என்று தேடிப் பார்க்கட்டும். ஏ4 தாளின் நீளம் 29.7, அகலம் 21. அதாவது நீளம் கிட்டத்தட்ட ஒரு ஸ்கேல். தரையிலிருந்து எந்த இடம்வரை ஒரு மீட்டர்? இடுப்பா, மார்பா, மூக்கா? ஒருமுறை குறித்துக்கொண்டால் ஒரு வருடம் வரை கைகொடுக்கும், அப்புறம் பிள்ளை வளர்ந்துவிடும்.

கேள்வி: மில்லிமீட்டர் வந்ததும் 6 செ.மீ. 10 மி.மீ., 6.10 என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

பதில்: 6.9-க்கு அடுத்து 6.10 என்று எழுதுகிற பிள்ளை புள்ளிக்கு வலப்பக்கம் தனியாக ஒரு எண் ஓடுகிறது என்று நினைக்கிறது. தசமப் புள்ளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் "6 செ.மீ. 9 மி.மீ., இன்னும் ஒரு மி.மீ. போனால் விரல் எந்தக் கோட்டில் நிற்கும்?" என்று ஸ்கேலில் விரலை நகர்த்தச் சொல்லுங்கள். விரல் 7-இல் நிற்கும்போது 6.10 என்று எழுத அதுவே கூச்சப்படும்.

கேள்வி: மகனின் உயரத்தைச் சுவரில் குறித்துவருகிறேன். காலையில் அளந்ததைவிட மாலையில் கொஞ்சம் குறைகிறது. டேப் சரியில்லையா?

பதில்: டேப் சரிதான், உங்கள் மகன்தான் குறைகிறான்! முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டுகள் பகலெல்லாம் நின்று நடந்ததில் சற்று அழுந்தும், இரவு படுத்ததும் பழையபடி ஆகும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். எப்போதும் ஒரே நேரத்தில், குதிகால் சுவரை ஒட்டியபடி, தலைக்கு மேல் ஒரு அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் குறியுங்கள். பென்சிலை வெறுமனே தலைமேல் வைத்துக் குறித்தால் பென்சில் சாய்ந்த பக்கம் பிள்ளை வளரும்.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பரீட்சையில் பென்சில் படத்தைப் பூஜ்யத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். இதற்கெல்லாம் எங்கே நேரம்? (ஒரு தலைமை ஆசிரியர்)

பதில்: அப்படிக் கேட்பதால்தான் ஐயா யாருக்குத் தெரியவில்லை என்றே நமக்குத் தெரியவில்லை. பூஜ்யத்தில் வைத்த படத்தில் நீளம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையும் கடைசி எண்ணைப் பார்த்துச் சரியாக எழுதிவிடும். நேரம் குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். பட்டை செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று பீரியட் போகும். அது முடியாவிட்டால் கேள்வித்தாளையாவது மாற்றுங்கள், அதற்குக் கூடுதல் நேரம் வேண்டாம். கீழே உள்ளதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எறும்பு ஸ்கேலின் 4-இல் நிற்கிறது, 9-வரை நடக்கிறது. எவ்வளவு தூரம் நடந்தது? ஒரு ரிப்பனின் நீளம் 6 செ.மீ., அதை 5-இல் தொடங்கி வைத்தால் எந்த எண்ணில் முடியும்? ஒருத்தி பூஜ்யத்துக்குப் பதில் 1-இல் வைத்து அளந்துவிட்டு, முடிந்த இடத்தில் இருந்த 13-ஐ நீளம் என்று எழுதினாள். உண்மையான நீளம் என்ன? ஒரு கயிற்றைப் பெரிய குச்சியால் அளந்தால் 8 முறை, சின்னக் குச்சியால் அளந்தால் 8-ஐவிடக் கூடவா, குறைவா, ஏன்?

அந்தக் கடைசி 'ஏன்'-னுக்கு மட்டும் விடைத்தாளில் இரண்டு வரி இடம் விடுங்கள்.